ஒரு பிடி சிறுபயறு

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உபவாசம் இருந்தவள் அல்ல. ஏறக்குறைய ஆறு மாதம் எங்கள் சபையில் என் பெயர் உபவாசத்துக்குப் பேர்போனதாக இருந்தது. ரெத்தினபாய் அக்கா வாரத்தில் நாலு நாள் ஒரு பருக்கைகூடத் தொடமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னதும் நான்தான். என் வீட்டில் சமைக்க ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு உபவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சபை மடலுக்குச் சாட்சி எழுதச் சொன்னபோது போதகர், "உள்ளதை எழுதும்மா, அழகுபடுத்த வேண்டாம்" என்றார். அழகுபடுத்தப் போய்த்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கணவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் சுனிதாவைக் கொல்லத்துக்கு அப்பால் கட்டிக்கொடுத்தேன். அவள் வீட்டில் மாமியார் வாதம் வந்து படுக்கையில். அவளிடம் நான் எதையும் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன். எனக்கு வேலை அண்டி ஆபீசில். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். முப்பது வருடம் கொட்டை உடைத்து என் விரல்களில் கறுப்புக்கறை ஏறிப்போய் இருக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது போகாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மழையில் எனக்கு உதிரப்போக்கு தொடங்கியது. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். அண்டி ஆபீசில் உடைத்த அளவுக்குத்தான் கூலி. பாதி நாள் படுத்துக் கிடந்தால் பாதிக் கூலிகூட வராது. விதவைப் பணம் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது.

ரேஷன் அரிசி இருந்தது. அதற்காக இன்றும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். ஆனால் அரிசி மட்டும் இருந்தால் வயிறு நிறையும், உடம்பு நிற்காது. ஒருத்திக்கு மட்டும் சமைக்கிறவர்களுக்கு நான் சொல்லுவது புரியும். கொஞ்சமாக வாங்கினால் விலை கூடுதல். மொத்தமாக வாங்கினால் கெட்டுப்போகும். ஒருத்தி தின்னுகிற மீனுக்காகத் தேங்காய் உடைத்தால் மீதி முறி மறுநாள் வழுவழுத்துவிடும். ஒரு கட்டுக் கீரையை ஒருத்தி எத்தனை நேரம்தான் தின்பாள்? ஒவ்வொன்றாக விட்டேன். முதலில் மீனை விட்டேன், பிறகு முட்டை, பிறகு பருப்பு, கடைசியில் தேங்காய். சாயங்காலம் ஒரு நேரம் கஞ்சி வைப்பேன். கேஸ் மிச்சமாகும். உப்பும், கொல்லையில் நிற்கிற காந்தாரி மிளகாயும் தொட்டுக்கொள்வேன். பகலில் பசித்தால் பாலில்லாத கட்டஞ்சாயா. ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ், ஆறு கிளாஸ் குடித்திருக்கிறேன்.

இப்படி இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த வீட்டு லீலா வந்தாள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். தங்கமான மனசு. ஆனால் அவளிடம் ஒன்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் காப்புக்காடு வரைக்கும் போய்விடும். நேரே அடுக்களைக்கு வந்து அடுப்பைப் பார்த்தாள்.

"எக்கா, மணி ஒண்ணாச்சே. அடுப்பு பத்தவைக்கல்லியா? உடம்புக்கு வய்யாயா?"

சமைக்க ஒன்றும் இல்லை லீலா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. என் வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில் இருந்தவர். வெளியூரிலிருந்து வரும் ஊழியக்காரர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு போட்டோம். அந்த வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கிறது என்று ஊரெல்லாம் பேச வேண்டுமா என்று ஒரு வீம்பு.

"இன்னைக்கு உபவாசம் லீலா" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஸ்தோத்திரம். ஒண்ணும் வெளியே காட்டாம இருக்கியளே எக்கா. எனக்க மோனுக்க விசா மூணு மாசமா இழுத்துக்கிட்டே கெடக்கு. உங்க உபவாசத்துல அவனையும் ஒண்ணு நினைச்சிக்கிடுங்கோ."

நினைத்துக்கொண்டேன். அது பொய்யில்லை. அந்தப் பையனுக்காக முழங்கால் போட்டு உண்மையாகவே ஜெபித்தேன். ஒன்பதாம் நாள் அவனுக்கு விசா வந்துவிட்டது. லீலா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இனி நான் இதிலிருந்து இறங்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பிள்ளையில்லாத மருமகளுக்காக ஒருத்தி, பத்திரப் பிரச்சினைக்காக ஒருத்தி. எல்லாரும் வாசலில் நின்று, "அக்கா இன்னைக்கு உபவாசந்தானே?" என்று கேட்பார்கள். அடுப்பு அணைந்துதான் இருக்கும். ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தக் கையில் பசி நடுக்கம். அதை அவர்கள் அபிஷேகம் என்று நினைத்தார்கள்.

இதில் எனக்கு வந்த நஷ்டத்தைக் கேளுங்கள். முன்பெல்லாம் லீலா மீன்குழம்பு வைத்தால் மதில் வழியாக ஒரு கிண்ணம் நீட்டுவாள். அந்த வாரத்தில் என் உடம்புக்குக் கிடைக்கிற ஒரே மீன் அதுதான். உபவாசக்காரி ஆனதும் அந்தக் கிண்ணம் நின்றுவிட்டது. "உங்களுக்கு மீன் வாடைகூடக் காட்டப்பிடாதுன்னு நான் பொறவாசலைச் சாத்திக்கிட்டாக்கும் பொரிக்கேன்" என்று பெருமையாகச் சொன்னாள். ஆனாலும் வாடை வந்தது. சாளை பொரிக்கிற வாடையை எந்தக் கதவும் நிறுத்தாது.

இன்னொரு பக்கம் சுனிதா. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுவாள்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மக்கா."

"என்ன கறி?"

"சாளைப் புளிமுளம் வச்சேன். மரச்சீனியும் அவிச்சேன்."

சபைக்கு நான் நாலு நாள் உபவாசம், மகளுக்கு நான் வாராவாரம் மீனும் கிழங்கும். இரண்டுக்கும் நடுவில் நான் உப்பைத் தொட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் சபைப் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் அசனம், எல்லாருக்கும் சபையில் சாப்பாடு. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அந்தச் சாப்பாட்டை நான் இரண்டு வாரமாக எதிர்பார்த்திருந்தேன். ஆட்டிறைச்சிக் குழம்பு, பருப்பு, அவியல். பிரசங்கம் நடந்தபோது என் மனசெல்லாம் பந்தலுக்குப் பின்னால் இருந்த அண்டாவில்தான். பந்தியில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இலை போட்டார்கள். சோற்று வாளி என் பக்கம் வந்தபோது லீலா ஓடிவந்து பரிமாறுகிறவரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்காவுக்கு வேண்டாம். அக்கா பண்டிகைக்குன்னு மூணு நாள் உபவாசம் இருக்கா. சும்மா கூட இருக்கத்தான் வந்திருக்கா."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே முடிவு பண்ணியிருந்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். என் முன்னால் இருந்த இலையை எடுத்து அடுத்த ஆளுக்குப் போட்டார்கள். ஒரு தம்ளரில் வெள்ளம், வெறும் தண்ணீர், கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் இறைச்சி எலும்பைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருக்க, பந்தி முடியும்வரை நடுவில் இருந்து அந்த வெள்ளத்தைக் குடித்தேன். எதிர்வரிசைக் கடைசியில் எமிலி டீச்சர் இருந்தார். தனியார் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யாமல் தனியாக இருக்கிறார். சேலையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவர் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, தூக்குவாளியில் கொஞ்சம் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டார். வீட்டு நாய்க்கு என்றார். அந்த நாயின் மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.

மாசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் சின்னப் பெண். என் கீழிமையை இழுத்துப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது.

"அம்மா, ரத்தம் ஏழுதான் இருக்கு. பத்தாவது இருந்தாத்தான் ஆபரேஷன் செய்ய முடியும். போக்கு நிக்க மாத்திரை தாரேன். ரத்தம் ஏற மாத்திரை தாரேன். ஆனா நல்லா சாப்பிடணும். மீன், முட்டை, கீரை, பயறு. முடிஞ்சா பேரீச்சம்பழம், முந்திரிப்பருப்பு."

முந்திரிப்பருப்பு என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என் விரல் கறையைப் பார்த்தார். இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "ஒரு நாள் எங்கயாவது விழுவீங்க. இருதயம் தாங்காது" என்றார்.

பஸ்ஸில் வரும்போது தீர்மானம் பண்ணினேன். எப்படியாவது வாரம் ஒரு நாள் சாளை, இரண்டு முட்டை. மறுநாள் காலை ஊர் முழுக்கச் சாம்பல் புதன் மணி கேட்டது. லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. எங்கள் சபையில் ஈஸ்டர் வரைக்கும் பலபேர் மீனும் இறைச்சியும் சேர்க்க மாட்டார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வருகிற மீன்காரி லீலா வீட்டு முன்னால்தான் கூடையை இறக்குவாள். உபவாச ரெத்தினபாய் லெந்தில் சாளை வாங்கினாள் என்றால் அதைவிடப் பெரிய செய்தி அந்த வருடம் ஊரில் இருக்காது. ஜன்னல் வழியாக மீன்கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதே வாரம் பெண்கள் ஐக்கியம் கூடி, லெந்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நான்தான் நடத்த வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மாட்டேன் என்றேன். தாழ்மை என்றார்கள்.

கூடவே பிடியரிசிப் பொறுப்பையும் என்னிடம் தந்தார்கள். எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒவ்வொரு நேரம் உலை வைக்கும்போதும் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்போம். அதுதான் பிடியரிசி. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் அதைக் கொண்டுவந்து ஒரு பெரிய பாத்திரத்தில் தட்டுவார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஏலம் போடுவோம். அதுவரை பாத்திரம் என் வீட்டில் இருக்கும். நம்பிக்கையான ஆள் என்று.

முதல் வெள்ளி ஜெபம் முடிந்து பாத்திரத்தை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் பாதி நாள் போடுவதில்லை, போடுகிற நாளில் கட்டஞ்சாயாவோடு விழுங்குவேன். அன்றைக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அப்போது ஒரு ஜெபம் பண்ணினேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவரே, எனக்குத் தின்ன ஏதாவது தாரும். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது." அவ்வளவுதான். பொய்யை மன்னியும் என்றுகூட நான் கேட்கவில்லை. பொய்யும் இருக்க வேண்டும், சோறும் வேண்டும் என்று கேட்டேன்.

பாத்திரத்தை மூடி வைக்கப் போனபோது அரிசிக்கு மேல் ஒரு காகிதப் பொட்டலம் கண்ணில் பட்டது. பிரித்தேன். சிறுபயறு. சரியாக ஒரு கைப்பிடி. எங்கள் சபையில் யாரும் பிடியரிசிக்குப் பதில் பயறு போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அதை எடுத்துக்கொண்டேன். ஆண்டவர் தந்தார் என்று நினைத்து எடுக்கவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். திருடுகிறேன் என்று தெரிந்துதான் எடுத்தேன். பொறவாசலைச் சாத்தி, பயறை வறுத்து, கஞ்சியோடு வேகவைத்து, காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டு நின்றபடியே குடித்தேன். முதல் வாயில் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு ருசி. சட்டியைக் கழுவும்போதுதான் உறைத்தது, ஆண்டவருடைய பங்கைத் தின்றுவிட்டோமே என்று. மறு வெள்ளியும் பொட்டலம் இருந்தது. மறுபடியும் எடுத்தேன். மூன்றாம் வெள்ளியும்.

பங்குனியில் ரத்தம் பார்த்தார்கள். அதே ஏழு. டாக்டருக்குக் கோபம் வந்தது.

"மாத்திரை போடுதியளா இல்லியா? என்ன சாப்பிடுதிய?"

"கஞ்சி. பயறு."

"தினமுமா?"

"வாரத்துல ஒரு நாள்."

"சாயா?"

ஆறு கிளாஸ் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாயா குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது, இனி மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தொடக் கூடாது என்றார். பிறகு மெல்லக் கேட்டார். "வீட்டுல யாரும் இல்லியா அம்மா? யாருட்டயாவது சொல்லக் கூடாதா?"

யாரிடம் சொல்ல? என்னைத் தெரிந்த எல்லாரும் நான் வேண்டுமென்றேதான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நம்பினார்கள். இப்போது பசி என்றால் இத்தனை மாதம் சொன்னதெல்லாம் என்ன? சொல்லாவிட்டால் ஒரு நாள் விழுந்து சாவேன். செத்தால் உபவாசத்திலேயே மகிமைக்குப் போனாள் என்று பிரசங்கம் பண்ணுவார்கள். அது நிச்சயம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரசங்கத்தை நினைத்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சாவுக்கு முன்னாலும் பொய், பின்னாலும் பொய்.

நாலாம் வெள்ளிக்கிழமை என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருந்தார்கள். தலைப்புகூட லீலாவே வைத்திருந்தாள், உபவாசத்தால் வரும் பெலன் என்று. அன்று காலை முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் தாரும் என்று கேட்டேன். அதை வாபஸ் வாங்குகிறேன். எல்லாருக்கும் தெரியட்டும். மூடிக்கொள்ளுகிற என் வாயை மட்டும் திறந்துவிடும்." இவ்வளவு சின்ன ஜெபத்துக்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

சபையில் இருபது பெண்கள் இருந்தார்கள். எழுந்து நின்றேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒரு நாளும் உபவாசம் இருந்ததில்ல. எனக்க வீட்டுல தின்ன ஒண்ணும் இல்ல. சொல்ல வெக்கம். அதான் உபவாசம்னு சொன்னேன். எனக்கு ரெத்தம் ஏழுதான் இருக்கு. ஆபரேஷன் செய்ய வழியில்ல." பிறகு அதையும் சொன்னேன். "பிடியரிசியில யாரோ பயறு போட்டிருந்திய. மூணு வெள்ளியும் நான் எடுத்துத் தின்னுட்டேன்."

லீலாவின் முகம் சிவந்துபோய் இருந்தது.

"அப்போ எனக்க மோனுக்க விசா?" என்றாள்.

"கர்த்தர் தந்தாரு லீலா. எனக்க பட்டினிய வச்சு அவரு தரல்ல."

"அடுத்த வீட்டுல இருக்கேன் நான். மதிலுக்கு அந்தப் பக்கம். எனக்குத் தெரியல்லியே. தெரிய விடல்லியே நீங்க." அவள் அழுதுகொண்டே எழுந்து வெளியே போய்விட்டாள். கூட இரண்டு மூன்று பேர் போனார்கள். பிடியரிசியில் கை வைத்தாளே என்று ஒருத்தி சொன்னது கேட்டது. அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது பின் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். எமிலி டீச்சர். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"அந்தப் பயறு நான் போட்டது" என்றார். "எனக்க வீட்டுல அரிசி கெடையாது ரெத்தினம். வேலையில இருந்தப்போ கவுரவத்துக்குச் சீனி கார்டு போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கு ரேஷன்ல அரிசி தரமாட்டாங்க. இப்போ வாங்க வழியில்ல. பயறு மட்டும் கொஞ்சம் இருந்து. ஆண்டவருக்கு வெறுங்கையோட வர மனசு வரல்ல, அதனால ஒரு பிடி பயறு பொதிஞ்சேன்." பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நானும் உபவாசம்னுதான் சொல்லுவேன். நானும் இவள மாதிரித்தான். எனக்க வீட்டுல நாயும் கெடையாது."

பிரியமானவர்களே, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் ஏதாவது தாரும் என்று நான் கேட்ட அதே மணிநேரத்தில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்தப் பொட்டலம் இருந்தது. அதைப் போட்டவருக்கும் தெரியாது, எடுத்த எனக்கும் தெரியாது. பட்டினி கிடந்த ஒருத்தியின் கையிலிருந்து பட்டினி கிடந்த இன்னொருத்தியின் சட்டிக்கு வந்திருக்கிறது. நான் திருட்டு என்று நினைத்ததை ஆண்டவர் பதிலாக வைத்திருந்தார். ஆனாலும் அதை எடுத்தது திருட்டுத்தான். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பயறு முழுசா வெந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை என் ரேஷன் அரிசியில் பாதியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அங்கே முருங்கை மரம் காய்த்துத் தழைத்து நின்றது. டீச்சருக்குக் கை முட்டு வலி, பறிக்க முடியாது, பறித்தாலும் உருவி ஆய முடியாது. எனக்குக் கை சும்மா இருந்தது. அன்று மதியம் தேங்காய் போட்டு வதக்கிய முருங்கைக்கீரைத் துவரனும் பயறுகஞ்சியும் வைத்தோம். ஒரு முறித் தேங்காய் முழுதும் செலவானது, மிச்சம் வைத்துக் கெடவில்லை. அன்று முதல் மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே அடுப்பில். லெந்தானாலும் மீன் வாங்கினோம். மீன்காரி கூடை காலியாகப்போகிற நேரத்தில் மிஞ்சின சாளையைக் குறைத்துத் தருவாள். இருவருக்கு அது போதும். தலையை எறியாமல் குடம்புளி போட்டுக் குழம்பு வைப்பேன். முட்டை ஆளுக்கு ஒன்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். பப்பாளிக்காய், வாழைப்பூ, கொல்லையில் தானாக முளைக்கிற கீரை. சாயாவைக் காலையில் ஒரு கிளாஸோடு நிறுத்தினேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சை வெள்ளத்தோடு போடச் சொன்னது டீச்சர். மாத்திரை போட்டேனா என்று பள்ளிப்பிள்ளையைக் கேட்பது போலக் கேட்பார். அது சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

லீலா இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று நான் கோயிலிலிருந்து வந்தபோது மதில்மேல் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தது. மீன்குழம்பு. ஆளைக் காணோம். கிண்ணத்தைக் கழுவி அதில் முருங்கைக்கீரை நிறைத்து அதே இடத்தில் வைத்தேன். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எக்கா, இன்னைக்கு என்ன சமையல்? உள்ளதைச் சொல்லணும்."

"இன்னும் ஒண்ணும் ஆகல்ல லீலா. வெங்காயம் இருந்தா ரெண்டு தா."

ஆறு மாதத்துக்கு முன் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். வெங்காயம் இரண்டும் மதில் தாண்டி வந்தது.

ஈஸ்டர் கழிந்து பார்த்தபோது ரத்தம் எட்டரை. வைகாசி கடைசியில் பத்தைத் தாண்டியது. அந்தச் சின்ன டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். அதே வாரத்தில் ஆபரேஷன். சுனிதா வந்து நின்றாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாளைப் புளிமுளத்தையும் சேர்த்து. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாள், பிறகு தலை வாரிவிட்டாள். இன்றைக்கு ஒரு வருடம் ஆகிறது. மறுபடியும் அண்டி ஆபீசுக்குப் போகிறேன். கண் இருட்டுவதில்லை. தேவனுக்கே மகிமை.

நாங்கள் இன்னும் ஏழைகள்தான். அதில் மாற்றம் இல்லை. மாறினது வேறே. பிடியரிசியை முழுவதும் ஏலம் போடுவதை எங்கள் பெண்கள் ஐக்கியம் நிறுத்திவிட்டது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது லீலா. இப்போது வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அதே அரிசியில் சபைக்குப் பின்னால் உலை வைக்கிறோம். பயறு டீச்சர் பொறுப்பு. வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். யார் உபவாசத்தை முடிக்கிறார்கள், யார் பட்டினியை முடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். இப்போது வருகிறவர்களில் நான் நினைத்தே பார்க்காத வீட்டுக்காரர்களும் உண்டு.

இதை வாசிக்கிறவர்களில் தனியாக இருக்கிறவர்கள் இருப்பீர்கள். அடுப்பு அணைந்து கிடக்க, வாசலில் ஆள் வந்தால் சிரிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் பசிக்கு நல்ல பெயர் எதுவும் வைக்காதீர்கள். ஆண்டவரிடமும் வைக்காதீர்கள். பசி என்றே சொல்லுங்கள். அவர் பதில் தருவார், அது எந்தக் கை வழியாக வரும் என்று மட்டும் நமக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வந்தால் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு வாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். கையில் ஒரு தட்டு மட்டும் கொண்டுவாருங்கள்.